ஹை ரிலீஃப் வெள்ளி நாணயங்கள்: புராணக் கடவுளரைச் சேகரிக்கத் தொடங்குபவர்களுக்கு

வெள்ளியில் முதலீடு செய்வதுதான் நோக்கம் என்றால் பேசாமல் வெள்ளிக் கட்டி வாங்கிவிடுங்கள். இந்த நாணயங்களில் நீங்கள் கொடுக்கும் பணத்தின் பெரும்பகுதி உலோகத்துக்குப் போவதில்லை. வேலைப்பாட்டுக்குப் போகிறது, மரப்பெட்டிக்குப் போகிறது, ‘உலகம் முழுவதும் 500 மட்டுமே’ என்ற வாசகத்துக்கும் போகிறது. வேலைப்பாட்டுக்குத் தாராளமாகக் கொடுக்கலாம். அந்த வாசகத்துக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பதில்தான் புதிதாக வருகிறவர்கள் தடுமாறுகிறார்கள். அதனால் இந்த வழிகாட்டியில் அதற்குக் கொஞ்சம் கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன்.

புடைப்பு என்றால் என்ன, ஏன் விலை கூடுகிறது

சட்டைப்பையில் இருக்கும் ஐந்து ரூபாய்க் காசைத் தடவிப் பாருங்கள். உருவம் கைக்குத் தட்டுப்படுவதே கஷ்டம். புழக்கத்துக்கான காசு ஒரே அடியில் அச்சாக வேண்டும், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் சாயாமல் நிற்க வேண்டும். அதனால் உருவத்தைத் தட்டையாகவே வைக்கிறார்கள். ஹை ரிலீஃப் இதற்கு நேர் எதிர். முகமும் கையும் ஆயுதமும் தளத்திலிருந்து எழும்பி, சின்னச் சிற்பம் போல நிற்கும்.

இது புது யோசனை இல்லை. கி.மு. 400-ஐ ஒட்டி சிசிலித் தீவின் சிராக்கூஸ் நகரத்தில் கிமோன், யூவைனெடோஸ் என்ற இரண்டு அச்சுச் சிற்பிகள் சுமார் 43 கிராம் எடையில் பெரிய வெள்ளிக் காசுகளுக்கு அச்சு வெட்டினார்கள். ஒரு பக்கம் நீரூற்றுத் தேவதை அரெதூசாவின் தலை, சுற்றிலும் நீந்தும் டால்பின்கள். மறுபக்கம் நான்கு குதிரை பூட்டிய தேர். அச்சில் தங்கள் பெயரையும் பொறித்துக்கொண்டார்கள். புராண உருவம், வெள்ளி, உயர்ந்த புடைப்பு: இன்று வாங்குகிற சரக்கின் மூலவடிவம் அப்போதே வந்துவிட்டது.

1905-ல் அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் பழைய கிரேக்கக் காசுகளைப் பார்த்துவிட்டு, நம் காசுகளும் இப்படி இருந்தால் என்ன என்று சிற்பி அகஸ்டஸ் செயின்ட்-காடன்ஸிடம் கேட்டார். அதிலிருந்து பிறந்தது 1907-ன் இருபது டாலர் தங்க நாணயம். அதன் சோதனைப் பிரதிகளில் விவரம் முழுதாக விழ ஒரே தகட்டை ஒன்பது முறை வரை அழுத்த வேண்டியிருந்ததாம். நாணயச்சாலையின் தலைமைச் செதுக்குநர் சார்லஸ் பார்பருக்கு இந்தத் திட்டமே பிடிக்கவில்லை. கடைசியில் புடைப்பைக் குறைத்துத்தான் புழக்கத்துக்கு விட்டார்கள்.

காரணம் எளிது. வெள்ளியோ தங்கமோ, அடிக்க அடிக்க உலோகம் இறுகும். அச்சின் ஆழமான பள்ளத்துக்குள் அது போய் நிறைய வேண்டுமானால், அடித்து, சூடாக்கி இளக்கி, திரும்ப அடிக்க வேண்டும். நேரமும் கூலியும் ஏறும், அச்சும் சீக்கிரம் தேயும். ஹை ரிலீஃப் நாணயத்தின் கூடுதல் விலையில் நியாயமான பங்கு இதுதான். இப்போது குறைந்த வெள்ளியிலேயே அதிகப் புடைப்பு கொண்டுவரும் நுட்பங்களும் வந்துவிட்டன. சிஐடி (CIT) என்ற நாணய நிறுவனம் ‘ஸ்மார்ட்மின்டிங்’ என்று பெயர் வைத்திருப்பது அதில் ஒன்று.

முதல் படி: ஒரு புராணம், ஒரு அளவு

கடைக்குப் போவதற்கு முன் இதை முடிவு செய்துகொள்ளுங்கள். கிரேக்கம், எகிப்து, நார்ஸ் (பழைய வட ஐரோப்பிய மரபு), ஸ்லாவிய நாட்டுப்புறத் தெய்வங்கள், நம் பிள்ளையார், லட்சுமி என்று சந்தையில் எல்லாமே இருக்கிறது. எல்லாவற்றிலும் ஒன்று வாங்கினால் கடைசியில் கையில் இருப்பது சேகரிப்பு ஆகாது, சில்லறை. உங்களுக்குக் கதை தெரிந்த, தெரிந்துகொள்ள ஆசை இருக்கிற ஒரு மரபை எடுங்கள்.

கதை தெரிவது ரசனைக்கு மட்டுமல்ல, தரம் பார்க்கவும் உதவும். நார்ஸ் கடவுள் தோர் வைத்திருக்கும் ம்யோல்னிர் சுத்தியலுக்குக் கைப்பிடி குட்டையாக இருக்க வேண்டும். குள்ளர்கள் அதைச் செய்துகொண்டிருந்தபோது லோகி ஈயாக வந்து துருத்திக்காரனின் இமையில் கடித்துவிட்டான், அவன் கை ஒரு கணம் நின்றது, பிடி குட்டையாகிவிட்டது என்பது கதை. நாணயத்தில் சம்மட்டி போல நீண்ட பிடி இருந்தால், வடிவமைத்தவர் காமிக்ஸைப் பார்த்து வரைந்திருக்கிறார் என்று அர்த்தம். ஓடினுக்கு ஒற்றைக் கண்ணா, குதிரை ஸ்லெய்ப்னிருக்கு எட்டுக் கால் வருகிறதா, அனுபிஸின் தராசில் ஒரு தட்டில் இதயமும் மறுதட்டில் இறகும் இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். இதில் கவனம் காட்டாத நிறுவனம் முகத்திலும் கையிலும் கவனம் காட்டியிருக்குமா என்பது சந்தேகம்தான்.

அளவைப் பொறுத்தவரை புதியவருக்கு என் பரிந்துரை 2 அவுன்ஸ். இது டிராய் அவுன்ஸ்: ஒன்று 31.1 கிராம், இரண்டு 62.2 கிராம். ஒரு அவுன்ஸில் புடைப்புக்குப் போதிய உலோகம் கிடைக்காமல் சில நேரம் விட்டத்தைக் குறைப்பார்கள். ஆஸ்திரேலிய நாணயச்சாலையான பெர்த் மின்டின் வழக்கமான ஒரு அவுன்ஸ் கூக்கபரா (பறவை உருவ நாணயம்) 40.6 மில்லிமீட்டர் விட்டம், அதன் ஹை ரிலீஃப் பதிப்பு 32.6 மில்லிமீட்டர், தடிமன் அதிகம். படத்தில் பெரிதாகத் தெரிந்தது கையில் சின்னதாக வந்து சேரும். 5 அவுன்ஸ், ஒரு கிலோ எல்லாம் பார்க்கப் பிரமாதம்தான், ஆனால் திரும்ப விற்கப் போனால் வாங்க ஆள் குறைவு.

யார் வெளியிடுகிறார்கள்

நாணயத்தில் நியுவே, குக் தீவுகள், துவாலு, பலாவு, கமரூன் என்று நாட்டுப் பெயர் இருக்கும். அந்த நாட்டில் இது அச்சாகவில்லை. தனியார் நிறுவனம் அந்த அரசிடம் அனுமதி பெற்று, உரிமத்தொகை கட்டி, போலந்திலோ ஜெர்மனியிலோ ஆஸ்திரேலியாவிலோ அச்சிடுகிறது. நியுவேயின் மக்கள்தொகை இரண்டாயிரத்தைக்கூடத் தொடாது. ஓடினும் அனுபிஸும் அங்கே யாருக்கும் குலதெய்வம் இல்லை. நாணயத்தின் மேல் இரண்டு டாலர் என்று முகமதிப்பு இருந்தாலும் அதைக் கொடுத்து அங்கே டீ வாங்கிக் குடிக்க யாரும் போவதில்லை. இதில் ஏமாற்று எதுவும் கிடையாது. சட்டப்படி செல்லும் நாணயம் என்ற தகுதி இதற்கு உண்டு, அதுதான் இதை வெறும் பதக்கத்திலிருந்து பிரிக்கிறது. நகைக்கடையில் கிடைக்கும் லட்சுமி காசுக்கும் எம்எம்டிசி-பாம்ப் வெளியிடும் லட்சுமி, கணேசர் வெள்ளிக்கும் அந்தத் தகுதி இல்லை. இது வெள்ளியின் தூய்மை பற்றிய பேச்சு இல்லை, நாணய ஏலத்தில் அவற்றுக்கு வரிசை வேறு.

அதனால் நாட்டுப் பெயரை விட்டுவிட்டு, அச்சிட்ட நாணயச்சாலையின் பெயரைத் தேடுங்கள். பெர்த் மின்ட் 1899-ல் தொடங்கியது. துவாலு பெயரில் ஸீயஸ், பொசைடன், ஹேடிஸ் மூவரையும் ‘ஒலிம்பஸின் கடவுளர்’ வரிசையில் கொண்டுவந்தது. வார்சாவில் உள்ள மென்னிகா போல்ஸ்கா 1766-ல் பிறந்தது. ஜெர்மனியின் பி.எச். மேயர் 1871 முதல் இருக்கிறது. விளம்பரத்தில் அச்சுச்சாலையின் பெயரே இல்லையென்றால் கேளுங்கள். பதில் வரவில்லையென்றால் அடுத்த நாணயத்துக்குப் போங்கள்.

மின்டேஜ் எண்ணை எப்படிப் படிப்பது

மின்டேஜ் என்றால் எத்தனை பிரதி என்று அறிவிக்கும் எண். புதியவர்களின் பணம் அதிகம் கரைவது இங்கேதான்.

உதாரணத்துக்கு ஒரு ஓடின் வடிவத்தை வைத்துக்கொள்வோம். ஆன்டிக் ஃபினிஷ் (கறுக்க வைத்த பழமைத் தோற்றம்) 2 அவுன்ஸ், 500 பிரதி. அதே வடிவம் தங்க முலாம் பூசி 100. ருதீனியம் என்ற உலோகத்தைக் கறுப்பாகப் பூசி 99. வண்ணம் அச்சிட்டு 200. பிறகு 5 அவுன்ஸ், ஒரு கிலோ, கட்டைவிரல் நகம் அளவில் தங்கம். ஒவ்வொரு பெட்டியிலும் ‘மிகக் குறைந்த எண்ணிக்கை’ என்றே இருக்கும். எல்லாம் சேர்ந்தால் அந்த ஓடின் ஆயிரத்தை நெருங்குகிறார். சரி, ஆயிரமும் பெரிய எண் இல்லை. ஆனால் நீங்கள் 99-க்கான விலை கொடுத்தீர்கள். ஆகவே பதிப்பை எண்ணாதீர்கள், வடிவத்தை எண்ணுங்கள். நாணயங்களைப் பட்டியலிடும் நூமிஸ்டா தளத்தில் வடிவத்தின் பெயரைத் தேடினால் அதன் உடன்பிறப்புகள் பெரும்பாலும் அங்கேயே இருக்கும்.

இரண்டாவது, எண்ணிக்கை குறைவு என்பதால் மட்டும் கிராக்கி வந்துவிடாது. 500 பிரதிக்கு 300 பேர்தான் வாங்க இருந்தால் 200 கடையில் தூங்கும். இங்கிலாந்தின் ராயல் மின்ட் 2019-ல் வெளியிட்ட ‘ஊனாவும் சிங்கமும்’ 2 அவுன்ஸ் வெள்ளி 3,000 பிரதி. 1839-ல் வில்லியம் வையன் செதுக்கிய வடிவத்தின் மறுபதிப்பு அது. உடனே விற்றுத் தீர்ந்து, வெளியீட்டு விலையைப் போலப் பல மடங்குக்குக் கை மாறியது. அதே காலத்தில் 99 பிரதி மட்டுமே வந்த எத்தனையோ நாணயங்கள் வெளியீட்டு விலைக்குக்கூட ஆளில்லாமல் கிடந்தன. வையனின் பெயரும், சேகரிப்பாளர்கள் தலைமுறைகளாக ஏங்கிய வடிவமும்தான் வித்தியாசம்.

மூன்றாவது, பெட்டியில் இருப்பது அனுமதிக்கப்பட்ட உச்ச வரம்பு. அவ்வளவும் அச்சானதா என்பது வேறு கேள்வி.

வரிசையாக வரும் தொடர்களில் முதல் நாணயத்துக்குத்தான் சூடு அதிகம். நான்காவது, ஐந்தாவது வரும்போது பலர் நின்றுவிடுவார்கள். சில நேரம் நிறுவனமே நிறுத்திவிடும். ஒரே வரிசை எண்ணில் முழுத் தொகுப்பும் தருகிறோம் என்று சந்தா கேட்டால், முதல் இரண்டு நாணயங்களைக் கையில் வாங்கிப் பார்த்த பிறகு முடிவெடுங்கள்.

கையில் எடுத்துப் பார்ப்பது

விளம்பரத்தில் காட்டும் படம் பெரும்பாலும் கணினியில் உருவாக்கியது. அதில் மூக்கு கூர்மையாக இருக்கும், தாடியின் ஒவ்வொரு மயிரும் தெரியும், நிழல் எல்லாம் சரியாக விழும். அச்சான நாணயம் அப்படியே இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. முன்பதிவு அவசரத்தில் விழாமல், முதலில் வாங்கியவர்கள் எடுத்த நிஜப் படம் அல்லது வீடியோ வரும்வரை காத்திருங்கள். விற்றுத் தீர்ந்துவிடுமே என்றால், தீரட்டும். பெரும்பாலானவை மறுவிற்பனைக்கு வந்துவிடுகின்றன.

நாணயம் கைக்கு வந்ததும் அது அடைத்திருக்கும் பிளாஸ்டிக் கூட்டை, அதாவது கேப்ஸ்யூலைத் திறக்காமல் அறை விளக்கை அணைத்துவிட்டு, போனின் டார்ச்சை நாணயத்தின் பக்கவாட்டில், ஏறக்குறைய மேசையோடு ஒட்டிப் பிடியுங்கள். மேலிருந்து அடிக்கும் வெளிச்சத்தில் எல்லா நாணயமும் நன்றாகத்தான் தெரியும். சாய்ந்த வெளிச்சத்தில்தான் குட்டு உடையும். முதலில் மிக உயர்ந்த இடத்தைப் பாருங்கள்: மூக்கு நுனி, கன்ன எலும்பு, முழங்கை. அச்சின் அடிப்பள்ளம் அதுதான். உலோகம் கடைசியாகப் போய்ச் சேருமிடமும் அதுதான். அங்கே மழுங்கி, மெழுகு உருகியது போல இருந்தால் அடி போதவில்லை. பிறகு நாணயத்தைத் திருப்பி, அதே இடத்துக்கு நேர் பின்னால் பாருங்கள். முன்பக்கப் பள்ளம் உலோகத்தை இழுத்துக்கொண்டதால் பின்பக்கம் எழுத்தோ அலங்காரமோ மங்கியிருக்கலாம். நல்ல நாணயச்சாலைகள் இதைத் தெரிந்தே பின்பக்கத்தின் நடுப்பகுதியை எளிமையாக விடும்.

அப்புறம் ஆழம். புடைப்பு உயரமாக இருப்பது மட்டும் போதாது, படிப்படியாக இருக்க வேண்டும். மெதூசாவின் தலையில் பாம்புகள் ஒன்றுக்குப் பின் ஒன்றாக விலகித் தெரிகின்றனவா, அல்லது எல்லாம் ஒரே மட்டத்தில் சேமியா போல ஒட்டிக் கிடக்கின்றனவா? இரண்டையும் ‘ஹை ரிலீஃப்’ என்றுதான் விற்பார்கள்.

கண்ணைப் பழக்க வேண்டுமென்றால் பழைய காசுகளை நேரில் பாருங்கள். சென்னையில் இருப்பவர்கள் எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போகலாம். தமிழ்நாட்டு மண்ணில் கிடைத்த ரோமானியக் காசுகள் அங்கே உண்டு. சின்னக் காசில் ஒரு முகத்தை எப்படி எழுப்பியிருக்கிறார்கள் என்பதைப் பார்த்துவிட்டு வந்தால், கணினிப் படத்துக்கு மயங்கும் பழக்கம் குறையும்.

ஃபினிஷில் முதல் நாணயத்துக்கு ஆன்டிக் எடுங்கள். வெள்ளியை ரசாயனத்தால் கறுக்க வைத்து, உயர்ந்த இடங்களை மட்டும் துலக்கி எடுப்பது இது. பள்ளத்தில் கறுப்பு தங்குவதால் புடைப்பு இன்னும் எடுப்பாகத் தெரியும். பெரும்பாலும் கைவேலை என்பதால் இரண்டு நாணயம் ஒன்றுபோல இருக்காது. கண்ணாடி போல மின்னும் ப்ரூஃப் ஃபினிஷ் அழகுதான், ஆனால் ஒரு விரல்ரேகை போதும், கதை முடிந்தது. வெள்ளைத் திட்டுகளும் அதில் பளிச்சென்று தெரியும். சேகரிப்பாளர்கள் ‘மில்க் ஸ்பாட்’ என்பார்கள், பாதுகாப்பாக நீக்க நம்பகமான வழி கிடையாது. கல் பதித்தது, இருட்டில் ஒளிர்வது போன்றவற்றை நான் தவிர்ப்பேன். புடைப்புக்குக் காசு கொடுத்துவிட்டு அதன்மேல் பெயின்ட் அடித்து மறைப்பானேன்?

விலையும் வாங்குவதும்

முதலில் உலோக மதிப்பைப் போடுங்கள்: எடை கிராமில், அன்றைய வெள்ளி விலையால் பெருக்குங்கள். கணக்குக்காக கிராம் 100 ரூபாய் என்றால் 2 அவுன்ஸுக்கு 6,220. கேட்கும் விலையை இதால் வகுத்தால் எத்தனை மடங்கு கொடுக்கிறீர்கள் என்று தெரியும். மடங்கு அதிகம் என்பதாலேயே விட வேண்டியதில்லை, ஆனால் அந்த எண் தெரியாமல் வாங்கக் கூடாது. 999 என்றிருந்தால் 99.9 சதவீத வெள்ளி, 925 என்றால் 92.5. பழைய வெளியீடுகளில் 925 உண்டு, கணக்கில் கழியுங்கள்.

அடுத்து, இ-பேயில் ‘விற்றவை’ என்ற வடிகட்டியைப் போட்டுப் பாருங்கள். ஒருவர் கேட்கும் விலை அவருடைய ஆசை மட்டுமே. உண்மையில் யாரோ பணம் கொடுத்து வாங்கிய விலைதான் சந்தை. ஏல நிறுவனங்களின் பழைய முடிவுகளையும் பாருங்கள்.

வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும்போது வரி உங்கள் கணக்கையே மாற்றிவிடும். இந்தியாவில் 2024 ஜூலை பட்ஜெட்டில் வெள்ளிக்கான சுங்க வரி 15 சதவீதத்திலிருந்து 6-க்கு இறங்கியது. ஆனால் விகிதமும் இறக்குமதிக் கட்டுப்பாடும் அடிக்கடி மாறுகிறவை, தனிநபர் பார்சலுக்குக் கணக்கும் வேறு. ஆர்டர் போடுவதற்கு முன் சுங்க முகவர் ஒருவரிடம் அன்றைய நிலவரத்தைக் கேட்டுவிடுங்கள். பல கூரியர் நிறுவனங்கள் நாணயத்தையும் விலையுயர்ந்த உலோகத்தையும் எடுப்பதே இல்லை என்பதையும் விற்பவரிடம் பேசிவிடுங்கள். ‘பரிசுப் பொருள் என்று போட்டுக் குறைந்த மதிப்பில் அனுப்புகிறேன்’ என்று சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். பார்சல் மாட்டினால் போவது உங்கள் நாணயம், தொலைந்தால் காப்பீடும் அந்தக் குறைந்த மதிப்புக்குத்தான். பிரிட்டனில் இருக்கும் வாசகர்கள் வெள்ளி நாணயத்துக்கு 20 சதவீத வாட் வரி உண்டு என்பதை நினைவில் வையுங்கள். தங்க முதலீட்டு நாணயத்துக்கான விலக்கு வெள்ளிக்குக் கிடையாது.

வந்ததும் எடை போடுங்கள். 0.1 கிராம் காட்டும் சின்னத் தராசு போதும். காந்தத்தில் ஒட்டக் கூடாது. விளிம்பில் வரிசை எண் இருந்தால் சான்றிதழோடு ஒத்துப் பாருங்கள். பெட்டியும் சான்றிதழும் இல்லாத நாணயத்துக்கு மறுவிற்பனையில் விலை கணிசமாக இறங்கும், அதனால் இரண்டையும் தூக்கிப் போடாதீர்கள்.

தரச் சான்று பற்றி சுருக்கமாக: பிசிஜிஎஸ், என்ஜிசி என்ற இரண்டு தர மதிப்பீட்டு நிறுவனங்களும் 70 புள்ளி அளவுகோலில் நாணயத்தை மதிப்பிட்டு, பிளாஸ்டிக் பேழையில் அடைத்துத் தருகின்றன. ப்ரூஃப் நாணயத்தை விற்கும்போது 70-க்கு மதிப்பு உண்டு. ஆன்டிக் நாணயத்துக்கு, அதுவும் வீட்டில் வைத்துப் பார்க்கப் போகிறவருக்கு, அந்தச் செலவு தேவையில்லை. ‘முதல் வெளியீடு’ என்று லேபிளில் இருப்பதற்காக ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்காதீர்கள்.

வீட்டில் வைப்பது

வெள்ளிக் குத்துவிளக்கை விபூதி போட்டுத் தேய்க்கிற நம் வீட்டுப் பழக்கத்தை இங்கே மறந்துவிடுங்கள். எந்த நாணயத்தையும் தேய்க்கக் கூடாது, ஆன்டிக் நாணயத்தை நிச்சயமாகக் கூடாது. கடையில் விற்கும் வெள்ளி துலக்கும் திரவத்தில் ஒரு முக்கு போட்டால் அந்தக் கறுப்பு மொத்தமும் போய்விடும், திரும்ப வராது. நாணயம் சாமி உருவம் என்பதால் பூஜை அறையில் வைக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. ஊதுபத்திப் புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் குங்குமமும் வெள்ளிக்கு ஆகாது. தனியாக ஒரு சாதாரண லட்சுமி காசை அங்கே வையுங்கள்.

வெள்ளியைக் கறுக்க வைப்பது காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள். ரப்பர் பேண்டில் கந்தகம் இருக்கிறது, அதனால் பெட்டியைச் சுற்றிக்கூடப் போடாதீர்கள். பீரோவில் செய்தித்தாள் விரித்திருந்தால் எடுத்துவிடுங்கள், பாச்சை உருண்டையையும்தான். பிவிசி உறையில் வைத்தால் நாளடைவில் பச்சையாகப் பிசுபிசுப்பு படியும். அக்ரிலிக் கேப்ஸ்யூல்தான் சரி. வாங்கும்போதே உள் ஆழத்தைக் கேளுங்கள், சாதாரண கேப்ஸ்யூலில் ஹை ரிலீஃப் நாணயத்தின் மூக்கு மூடியில் உரசும். கடற்கரை ஊர்க்காரர்கள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு மழைக்காலத்தில் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். வெளியே எடுத்தே ஆக வேண்டுமென்றால் விளிம்பை மட்டும் பிடித்து, கீழே மெத்தென்ற துணி விரித்து எடுங்கள். 62 கிராம் வெள்ளி தரையில் விழுந்தால் விளிம்பு நசுங்கும்.

கடைசி வேலை ஒரு நோட்டில். ஒவ்வொரு நாணயத்துக்கும் பெயர், அச்சுச்சாலை, எடை, தூய்மை, வாங்கிய விலை, தேதி, பில்லின் நகல், இருபக்கப் படம். எங்கே விற்கலாம் என்று இரண்டு ஏல நிறுவனங்களின் பெயரையும் எழுதி, அந்த நோட்டு எங்கே இருக்கிறது என்று வீட்டில் ஒருவரிடம் சொல்லி வையுங்கள். நகைக்கடையில் கொண்டுபோய்ப் போட்டால் உருக்கும் வெள்ளியின் விலைதான் தருவார்கள், சேதாரம் வேறு கழிப்பார்கள். அதனால் முதல் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் எழுதிவிடுங்கள்: எடைக்குப் போட வேண்டாம்.